சமூகவியல் வகுப்பில் தோட்டத்து வரலாறு: கல்லூரிப் பாடம் சொல்லித்தரும் முறை மாறினால் என்ன கிடைக்கும்?

"சமூகவியலா? அதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" யுபியு முடிவு வெளியாகும் நாளில் நம்மவர் வீடுகளில் எழக்கூடிய கேள்வி இது. மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்றால் உடனே உறவினர்களுக்குச் சேதி பறக்கும். சமூகவியல் என்றால் ஒரு தயக்கம். பெயரைக் கேட்டதும் என்ன வேலை என்று தெரியாத படிப்பு என்பது ஒரு காரணம். அதைப் படித்தவர்களே, "மூன்று வெள்ளைக்காரர்களின் பெயரை மனப்பாடம் செய்தோம், தேர்வு எழுதினோம்" என்று சொல்வது இன்னொரு காரணம்.

அந்த மூவர் கார்ல் மார்க்ஸ், எமில் டர்கைம், மேக்ஸ் வெபர். ஐரோப்பா தொழிற்சாலை யுகத்துக்கு மாறியபோது மக்களின் உழைப்பு, குடும்பம், மதம் எல்லாம் எப்படி மாறின என்று ஆராய்ந்தவர்கள். அவர்களை விட்டுவிட்டுச் சமூகவியல் படிக்க முடியாது. ஆனால், சுங்கை சிப்புட்டிலோ கோலசிலாங்கூரிலோ தோட்டத்தில் வளர்ந்த ஒரு மாணவருக்கு, மூன்று ஆண்டு படித்த பிறகும் தன் லயத்து வீட்டுக்கும் அந்தப் புத்தகத்துக்கும் என்ன தொடர்பு என்று புரியவில்லை என்றால், குறை மாணவரிடம் இல்லை. பாடம் சொல்லித்தரும் முறையில் இருக்கிறது.

நம் நாட்டில் இந்தப் படிப்பு வேரூன்றிய காலமே இதைக் கவனிக்கத் தூண்டுகிறது. 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு, இந்நாட்டின் இனங்கள் ஒன்றையொன்று எப்படிப் புரிந்துகொள்வது என்ற கேள்வி பெரிதாக எழுந்தது. அந்தச் சூழலில்தான் மலாயாப் பல்கலைக்கழகத்திலும், 1970இல் தொடங்கப்பட்ட மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்திலும் மானுடவியல், சமூகவியல் துறைகள் உருவாயின. இன்று தனியார் கல்லூரிகளின் ஏ லெவல் படிப்பிலும் சமூகவியலை ஒரு பாடமாக எடுக்கலாம். நாம் ஏன் இப்படி வாழ்கிறோம் என்று கேட்பதற்காக வந்த படிப்பு இது. அந்தக் கேள்வியை மாணவர் தாமே கேட்கும்படி வகுப்பை நடத்துவது எப்படி என்பதற்கு உலகின் பல பகுதிகளில் நல்ல முன்மாதிரிகள் உள்ளன. அவற்றில் ஒன்று நம் அண்டை வீடான சிங்கப்பூரில் உருவானது.

வீட்டுக் கவலையும் ஊர்ப் பிரச்சினையும்

அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959இல் எழுதிய 'சமூகவியல் கற்பனை' என்ற நூலில் எளிய உதாரணம் ஒன்று உண்டு. ஒரு லட்சம் பேர் வாழும் நகரில் ஒரே ஒருவருக்கு வேலை இல்லை என்றால், அவருடைய திறமையையும் குணத்தையும் பார்க்கலாம். ஐந்து கோடிப் பேர் உழைக்கும் நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலை இல்லை என்றால், ஒவ்வொருவரின் குணத்தையும் ஆராய்வதில் பயனில்லை. அந்த நாட்டின் ஏற்பாட்டிலேயே ஏதோ கோளாறு இருக்கிறது. முதலாவது தனிமனிதரின் கவலை, இரண்டாவது பொதுப் பிரச்சினை.

இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் இரண்டு வரிக் குறிப்பாக முடிந்துவிடும். வேறு வழியும் இருக்கிறது. மாணவர் ஒவ்வொருவரும் தம் குடும்பத்தை வருத்தும் ஒரு விஷயத்தைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதித் தருகிறார். எல்லாச் சீட்டுகளையும் கலந்து, எது ஒரு வீட்டின் கவலை, எது பல வீடுகளின் கவலை என்று வகுப்பே பிரித்துப் பார்க்கிறது. தன் வீட்டில் மட்டும்தான் நடந்தது என்று நினைத்த ஒன்று பத்துச் சீட்டுகளில் இருப்பதை மாணவர் அங்கே காண்கிறார்.

நம் குடும்பங்களில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். "தாத்தா 1970 வாக்கில் ஊருக்குப் போனவர், திரும்பி வரவே இல்லை" என்ற கதை தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனார், பொறுப்பில்லாதவர் என்றுகூட அது சொல்லப்பட்டிருக்கலாம். ஆனால் 1968இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்றின்படி, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற விதி 1969இல் நடைமுறைக்கு வந்தது. பல ஆண்டு பால் வெட்டியும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காத தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் தமிழகத்துக்குத் திரும்பினார்கள். இது தெரிந்த பேரனோ பேத்தியோ தாத்தாவின் கதையைத் திரும்பக் கேட்கும்போது அதன் பொருளே மாறக்கூடும். தாத்தா மீது குறையே இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் அவர் தனியாக எடுத்த முடிவாக மட்டும் அது இருந்திருக்க முடியாது என்று புரியும்.

ஆட்டத்தில் தெரியும் ஏற்றத்தாழ்வு

மோனோபொலி ஆட்டம் தெரியாத வீடு குறைவு. நம் நாட்டில் அதே சாயலில் சைடினா ஆட்டமும் உண்டு. எல்லாருக்கும் ஒரே அளவு பணம் கொடுத்து ஆட்டம் தொடங்கும். தாயக்கட்டை விழுவதைப் பொறுத்தும், யார் கெட்டிக்காரத்தனமாக வாங்குகிறார் என்பதைப் பொறுத்தும் வெற்றி அமையும்.

அமெரிக்காவில் கேத்தரின் கோக்லன், டெனிஸ் ஹக்கின்ஸ் என்ற இரு ஆசிரியர்கள் இந்த ஆட்டத்தின் விதியை மாற்றினார்கள். ஆட்டக்காரர்களை வருமான அடுக்குகளாகப் பிரித்து, தொடக்கத்திலேயே வேறுவேறு தொகை கொடுத்தார்கள். ஒரு சுற்று முடித்து வரும்போது கிடைக்கும் சம்பளமும் வேறு. மற்ற விதிகள் எல்லாருக்கும் ஒன்றுதான். இந்த முறையை விளக்கி அவர்கள் எழுதிய கட்டுரை 2004இல், சமூகவியல் கற்பித்தலுக்கென்றே வெளிவரும் ஆய்விதழில் வந்தது. அதன் தலைப்பின் தொடக்கம், 'இது நியாயமில்லை!'

ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் மேல் அடுக்கில் இருப்பவர் நிலம் வாங்கத் தொடங்கிவிடுவார். கீழ் அடுக்கில் இருப்பவர் கையில் வாடகைக்கே பணம் இருக்காது. வாய்ப்பு எல்லாருக்கும் சமம், உழைத்தால் முன்னேறலாம் என்று சொல்லிக் கொண்டிருந்தவரே, தாயம் நன்றாக விழுந்தும் தோற்பதைப் பார்க்கிறார். பாடநூலில் 'சமூகப் படிநிலை' என்று இருந்த சொல்லை அரை மணி நேரம் அவர் வாழ்ந்து பார்த்துவிடுகிறார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ஆட்டம் பாடத்தின் பாதிதான். ஆட்டம் முடிந்த பிறகு நடக்கும் உரையாடலில்தான் மீதிப் பாதி இருக்கிறது. தோற்றவர் தம்மைத் தாமே குறை சொன்னாரா? வென்றவர் தம் கெட்டிக்காரத்தனத்தால் வென்றதாக நம்பினாரா? விதியை மாற்றக் கேட்க வேண்டும் என்று யாருக்காவது தோன்றியதா? இந்தக் கேள்விகளை விரிவுரையாளர் கேட்காவிட்டால், அன்று வகுப்பில் விளையாடினோம் என்பதோடு சரி.

யாருடைய சிந்தனை பாடமாகிறது?

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் சமூகக் கோட்பாட்டைக் கற்பித்த சைட் ஃபரிட் அலாத்தாஸ், வினீத்தா சின்ஹா இருவரும் இன்னோர் அடிப்படைக் கேள்வியை எழுப்பினார்கள். சமூகத்தைப் பற்றிச் சிந்தித்தவர்கள் ஐரோப்பிய ஆண்கள் மட்டும்தானா? ஆசியாவில் அமர்ந்து படிக்கும் மாணவருக்கு அப்படி ஓர் எண்ணத்தை ஏற்படுத்துவது சரியா? தங்கள் வகுப்பில் இதை எப்படிக் கையாண்டார்கள் என்பதை இருவரும் 2001இல் அதே ஆய்விதழில் எழுதினார்கள். 2017இல் இதைப் பற்றிப் பாடநூலாகவே ஒன்றை வெளியிட்டார்கள்.

அவர்கள் மார்க்ஸையும் வெபரையும் டர்கைமையும் தூக்கி எறியவில்லை. அவர்கள் பக்கத்தில் வேறு சிலருக்கும் நாற்காலி போட்டார்கள். 1377இல் வடஆப்பிரிக்காவில் இருந்து, அரசுகள் எப்படி எழுகின்றன, எப்படித் தளர்கின்றன என்று எழுதிய இப்னு கல்தூன் அதில் ஒருவர். ஒரு சமூகத்தை எப்படிக் கவனிக்க வேண்டும் என்று 1838இலேயே நூல் எழுதிய ஆங்கிலேயப் பெண்மணி ஹாரியட் மார்ட்டினோ இன்னொருவர். பண்டித ரமாபாயும் அங்கே இருக்கிறார். உயர்சாதி இந்துப் பெண்களின் நிலையைப் பற்றி 1887இல் ஆங்கிலத்தில் நூல் எழுதிய அவர், அமெரிக்காவில் தங்கி அந்நாட்டுச் சமூகத்தைக் கவனித்து 1889இல் மராத்தியில் எழுதினார். வெள்ளைக்காரர் இந்தியரை ஆராய்ந்த காலத்தில், ஓர் இந்தியப் பெண் வெள்ளைக்காரரின் சமூகத்தை ஆராய்ந்திருக்கிறார்.

நம் வட்டாரத்துக்கு மிக நெருக்கமானவர் பிலிப்பைன்ஸின் ஹோசே ரிசால். பிலிப்பினோக்கள் சோம்பேறிகள் என்று ஸ்பானிய ஆட்சியாளர்கள் சொல்லி வந்ததற்கு 1890இல் அவர் நீண்ட பதில் எழுதினார். உழைப்பின் பலன் உழைத்தவனுக்குக் கிடைக்காத ஆட்சியில் ஊக்கம் குறைவது இயற்கை, அது பிறவிக் குணம் இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம். இதே கேள்வியை மலாய்க்காரர், ஜாவானியர், பிலிப்பினோக்கள் மூவரையும் வைத்து விரிவாக ஆராய்ந்தவர் ஃபரிட் அலாத்தாஸின் தந்தை, மலேசியச் சமூகவியலாளர் சைட் ஹுசேன் அலாத்தாஸ். 'சோம்பேறிச் சுதேசி என்னும் கட்டுக்கதை' என்று பொருள்படும் தலைப்பில் 1977இல் வந்த அவருடைய நூல் உலகப் புகழ் பெற்றது. தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் மலிவாக உழைக்க வராதவனுக்குக் காலனி ஆட்சி கொடுத்த பட்டம்தான் 'சோம்பேறி' என்று அவர் காட்டினார்.

இந்த இடத்தில் தமிழ் மாணவர் நிமிர்ந்து உட்காருவார். மலாய்க்காரருக்குச் 'சோம்பேறி' என்ற பட்டம் கிடைத்த அதே காலத்தில், தென்னிந்தியத் தொழிலாளிக்குக் கிடைத்த பட்டம் 'சொன்னதைக் கேட்பவன், அடங்கி நடப்பவன்'. இரண்டையும் கொடுத்தது ஒரே கை. ஒன்று திட்டு, மற்றது பாராட்டு போலத் தோன்றினாலும் இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்டவை. இன்றும் ஒவ்வோர் இனத்தின் மீதும் ஒட்டப்படும் பட்டங்களைக் கேட்கும்போது, "இதை முதலில் சொன்னது யார்? அதனால் யாருக்கு லாபம்?" என்று கேட்கத் தெரிந்த பிள்ளை, அந்தப் பட்டத்தைத் தானும் சுமக்காது, அடுத்தவர் தலையிலும் வைக்காது. பல இனத்தவர் ஒன்றாக உட்காரும் வகுப்பில் இந்தப் பாடத்தின் மதிப்பு பெரிது.

படிவத்தில் உள்ள பெயர்

இதோடு சேர்ந்த பயிற்சி ஒன்றுக்கு அதிகச் செலவில்லை. வெவ்வேறு ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனங்களை எப்படிப் பிரித்தார்கள் என்பதை மாணவர்கள் முன் வைப்பது. 1891ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நம்மவர் 'தமிழர்களும் இந்தியாவின் பிற சுதேசிகளும்' என்ற தலைப்பின் கீழ் வந்தார்கள். இன்று படிவத்தில் 'இந்தியர்' என்று குறிக்கிறோம். சமூகவியலாளர் சார்ல்ஸ் ஹெர்ஷ்மன் 1987இல் இந்தப் பட்டியல்களை ஒப்பிட்டு, காலத்துக்குக் காலம் பிரிவுகள் மாறியதை எடுத்துக்காட்டினார்.

மலேசியச் சமூகவியலாளர் ஷம்சுல் அம்ரி பஹாருடின் இதற்கு ஒரு விளக்கம் தருகிறார். அதிகாரத்தில் இருப்பவர்கள் வரையறுக்கும் அடையாளம் ஒன்று. மக்கள் அன்றாட வாழ்க்கையில் உணரும் அடையாளம் இன்னொன்று. படிவத்தில் ஒரே கட்டத்தில் அடங்குகிறவர்கள், வீட்டில் தமிழர், தெலுங்கர், மலையாளி என்றும், ஊருக்குள் இன்ன தோட்டத்துக்காரர் என்றும் அறியப்படுகிறார்கள். இதைத் தம் சொந்த அடையாள அட்டையில் இருந்தும் தாத்தா பாட்டியின் அட்டையில் இருந்தும் மாணவர் தொடங்கலாம். பாட்டியிடம் பல ஆண்டுகளாக இருப்பது சிவப்பு அடையாள அட்டை என்றால், அந்த ஓர் அட்டையே ஒரு பாடத்துக்குப் போதும்.

வகுப்பை விட்டு வெளியே

மாணவர்களைக் கொண்டு சமூகத்தை ஆராய்வது புதிய யோசனை இல்லை. அமெரிக்கக் கறுப்பினத்தவரான டபிள்யூ.இ.பி. டுபோய்ஸ், ஃபிலடெல்ஃபியா நகரின் ஏழாவது வட்டாரத்தில் வீடு வீடாகச் சென்று விசாரித்து 1899இல் தம் ஆய்வை வெளியிட்டார். கறுப்பர்களின் வறுமைக்கும் குற்றங்களுக்கும் அவர்களுடைய இனமே காரணம் என்று பேசப்பட்ட காலத்தில், அடிமை முறையின் சுமை, வேலை மறுப்பு, வாடகைச் சுரண்டல் ஆகியவற்றை எண்களோடு காட்டினார். பிறகு அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் தம் மாணவர்களோடு சேர்ந்து, தங்கள் இனத்தவரின் நிலம், தொழில், கல்வி பற்றிய விவரங்களைக் கையால் வரைந்த சுமார் 60 வண்ண வரைபடங்களாக்கினார். அவை 1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டன. பிறர் தங்களைப் பற்றிச் சொன்னதற்கு அந்த மாணவர்கள் எண்ணிக் காட்டிய பதில் அது.

நம் தோட்டங்களும் ஆராயப்பட்டிருக்கின்றன. ரவீந்திர ஜெயின் 1960களின் தொடக்கத்தில் மலாயாவின் ஒரு ரப்பர் தோட்டத்தில் தங்கி ஆய்வு செய்தார். தோட்டத்தின் உண்மைப் பெயரை மறைத்து 'பால் மெலாயு' என்று பெயரிட்டு அவர் எழுதிய நூல் 1970இல் வெளிவந்தது. அப்போது ஆராய்ந்தவர் வெளியில் இருந்து வந்தவர், ஆராயப்பட்டவர்கள் நம்மவர்கள். இன்று அந்த லயங்களின் பேரப்பிள்ளைகள் கல்லூரியில் இருக்கிறார்கள். அவர்களே கேள்வி கேட்பவர்களாக மாற முடியும்.

எதைக் கேட்பது? பெரிய தலைப்பு வேண்டாம். மூடப்பட்ட ஒரு தோட்டத்தின் வரைபடத்தை, அங்கே வாழ்ந்தவர்களின் நினைவில் இருந்து வரைவது ஒரு பயிற்சி. பிரட்டுக் களம் எங்கே, ஆயாக் கொட்டகை எங்கே, கோயில் எங்கே, துரை பங்களா எவ்வளவு தூரத்தில், கிராணி வீடு ஏன் தனியாக இருந்தது? வீடுகள் நின்ற இடமே அதிகாரம் யாரிடம் இருந்தது என்று சொல்லிவிடும். ஆண்கள் வரைந்த படத்தையும் பெண்கள் வரைந்த படத்தையும் பக்கத்தில் வைத்தால் வேறு செய்திகள் கிடைக்கலாம். 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது என்ன நடந்தது, தொழிலாளர்களின் சேமிப்பைத் திரட்டித் தோட்டம் வாங்க 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் யார் யார் பணம் போட்டார்கள், ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது எந்தக் குடும்பம் எந்தப் பட்டணத்துக்குப் பெயர்ந்தது என்று ஒவ்வொன்றும் ஒரு மாணவரின் ஒரு பருவ வேலைக்குப் போதுமான பாடம்.

இதில் கவனிக்க வேண்டிய காலக்கெடு ஒன்றும் உண்டு. 1950களில் மரம் வெட்டியவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். தோட்டமும் போய், அதை நினைவில் வைத்திருப்பவர்களும் போய்விட்டால், மிஞ்சுவது கம்பெனிக் கோப்புகள்தாம். அந்தக் கோப்புகளில் தொழிலாளி ஓர் எண்.

எல்லை மீறக் கூடாது

இந்த முறைகளில் ஆபத்தும் இருக்கிறது. ஹெரால்ட் கார்ஃபிங்கல் என்ற அமெரிக்கப் பேராசிரியர், சொந்த வீட்டிலேயே வாடகைக்குக் குடியிருப்பவர் போல நடந்து பார்க்கும்படி மாணவர்களிடம் சொன்னார். எழுதப்படாத விதிகளால் குடும்பம் நடக்கிறது என்பதைக் காட்டுவது நோக்கம். 1967இல் வந்த அவருடைய நூலில், திகைத்தும் கோபித்தும் போன பெற்றோரைப் பற்றிப் படிக்கலாம். பாடம் சரிதான். ஆனால் விளையாட்டு என்று தெரியாமல் மனம் நொந்தவர்கள், பாடம் படிக்கக் கையெழுத்துப் போட்டவர்கள் இல்லை.

வகுப்பில் இருக்கும் ஒரே தமிழ் மாணவரை எழுப்பி, "உங்கள் சமூகத்தில் குண்டர் கும்பல் ஏன் அதிகம்?" என்று கேட்பது புதுமையான கற்பித்தல் ஆகாது. அந்த மாணவர் ஓர் இனத்தின் பிரதிநிதியாக வகுப்புக்கு வரவில்லை. அதேபோல, மாணவர்களைப் பேருந்தில் ஏற்றி ஏழைக் குடியிருப்பைச் சுற்றிக் காட்டிப் படம் எடுத்துத் திரும்புவதும் களப்பணி இல்லை. பேட்டி கொடுப்பவருக்கு எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்ல வேண்டும். விரும்பாத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க அவருக்கு உரிமை உண்டு. கேட்டதை எழுதிய பிறகு அவரிடமே ஒருமுறை படித்துக் காட்டுவது மரியாதை. தமிழில் சொன்னதை மலாயிலோ ஆங்கிலத்திலோ கட்டுரையாக்கும்போது இது இன்னும் அவசியம்.

பாட்டி சொன்னது அப்படியே வரலாறு ஆகிவிடாது என்பதையும் மாணவர் கற்க வேண்டும். நினைவு தவறும், ஆண்டு மாறும், வேண்டாததை மறைக்கும். இன்னொருவரின் நினைவோடும், பழைய சம்பளச் சீட்டோடும், அக்கால நாளிதழோடும் ஒப்பிட்டுப் பார்க்கப் பழகுவதுதான் இந்தப் படிப்பின் ஒழுக்கம். அது இல்லாவிட்டால் தோட்டத்துக் கதை அழகான ஏக்கமாக மட்டும் நின்றுவிடும்.

பெற்றோருக்கு

வேலைக் கேள்விக்கு வருவோம். இப்படிப் பயிற்சி பெற்ற பட்டதாரிக்கு அந்நியரிடம் பேசி விவரம் பெறத் தெரியும், எண்களைப் படிக்கத் தெரியும், ஒரு பிரச்சினைக்கு ஒரே காரணம் சொல்பவரை நம்பாமல் இருக்கத் தெரியும். மனிதவளத் துறை, சமூகநலத் துறை, சந்தை ஆய்வு, ஊடகம், அரசுசாரா அமைப்புகள், உள்ளூராட்சி என இந்தத் திறமை தேவைப்படும் இடங்கள் பல. குறிப்பை மனப்பாடம் செய்து தேறியவருக்கு இது வாய்க்காது. ஆகவே பிள்ளைக்குச் சமூகவியலில் இடம் கிடைத்தால், களப்பணி உண்டா, ஆய்வுக் கட்டுரையைச் சொந்தமாக எழுத வேண்டுமா என்று கல்லூரியில் விசாரிப்பது நல்லது.

வீட்டிலும் ஒரு வேலை இருக்கிறது. பழைய பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு, கூட்டுறவுச் சங்கப் பங்குப் பத்திரம், தோட்டத்துத் திருவிழாப் படம் ஆகியவை குப்பை என்று தோன்றினாலும் வீடு மாறும்போது வீசிவிட வேண்டாம். படத்தின் பின்னால் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று பென்சிலில் எழுதி வைக்கலாம். பிள்ளை கைப்பேசியோடு வந்து உட்கார்ந்து, "பாட்டி, பிரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்தீங்க?" என்று கேட்டால், "அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்று தட்டிவிடாமல் பதில் சொல்லலாம். பரீட்சைக்கான பதிலாக இருந்தாலும், அதை அறிந்து சொல்லக்கூடியவர் அந்த வீட்டில் அவர் ஒருவராகவே இருக்கலாம்.